வறுக்காத தேங்காய்

"தூ!"

முன்னறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தபோது பின்சி அடுக்களைத் தரையில் உட்கார்ந்து கடைசிப் பொட்டலத்துக்குச் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள். துப்பியது யாரென்று எழுந்துபோய்ப் பார்க்க வேண்டியதில்லை. கணவன் ஷாஜி காட்டாக்கடை பஸ்ஸில் கண்டக்டர். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளிலும் லீவு கிடைக்கவில்லை. வீட்டில் மிச்சம் இருந்தது ஒன்பது வயது மகன் சஜன் மட்டும்தான்.

"எலே, என்னத்தடா துப்பின?"

அவள் போய்ப் பார்த்தபோது, பிரிந்த பொட்டலம் ஒன்று சோபாவில் கிடந்தது. கடித்த முந்திரிக்கொத்து, அந்தப் பயற்று உருண்டை, அவன் உள்ளங்கையில்.

இரண்டு நாள் லீவு போட்டு, முதுகு ஒடிய உருட்டியது. "பேக்கரி கேக்குன்னா உள்ள போவும். அம்மை செய்தா துப்புவியோ? ஆருக்காக்கும் நான் இந்தப் பாடு படுதேன்?"

"இல்லம்மா…" பையன் கண்ணைத் தாழ்த்தினான். "புளிக்குது."

அவள் அவன் கையிலிருந்ததைப் பிடுங்கி வாயில் போட்டாள். கருப்பட்டியின் இனிப்பு முதலில் வந்தது. அதன் பின்னால், ஊசிப்போன தேங்காயின் புளிப்பு நாக்கில் ஏறியது.

ஓடிப்போய் இன்னொரு பொட்டலத்தைப் பிரித்தாள். புளிப்பு. அடியில் இருந்த ஒன்றை எடுத்தாள். அதுவும் புளிப்பு. அறுபது பொட்டலங்கள், அறுபது பிள்ளைகள். சாயங்காலம் ஐந்தரைக்குச் செங்கல் ஊர்ச் சபையில் ஓய்வுநாள் பள்ளியின் கிறிஸ்துமஸ் மர விழா. சுவர்க் கடிகாரம் இரண்டரையைத் தாண்டியிருந்தது.

பின்சி பாறசாலையில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். பிள்ளைகளுக்கு ஈரல் மருந்து வாங்க வருகிற தாய்மாரைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துப் பழகியவள். போன வருஷம் அவளே அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டியதாயிற்று. சஜனின் ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்றார் திருவனந்தபுரத்து டாக்டர். மைதா கூடாது, சீனி கூடாது, எண்ணெயில் பொரித்தது கூடாது. டாக்டர் சொல்லிவிட்டார், டிசம்பர் மாதம் அதைக் கேட்குமா?

போன வருஷ மர விழாவன்று எல்லாப் பிள்ளைகளுக்கும் க்ரீம் கேக். சஜனுக்கு மட்டும் ஓர் ஆப்பிள். அதோடு விட்டிருந்தாலும் போகட்டும். ஷாஜியின் அக்கா ஓமனா, சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளர், மைக்கைப் பிடித்து, "நம்ம சஜன் சுகமில்லாத பிள்ளை, அவனுக்காக எல்லாரும் ஜெபிக்கணும்" என்று அறிவித்தாள். பாசத்தில் சொன்னதுதான். ஆனால் மறுநாளிலிருந்து அவன் பெயர் 'ஆப்பிள் சஜன்' ஆயிற்று. அவன் மூன்று வாரம் ஓய்வுநாள் பள்ளிக்குப் போகவில்லை.

அதனால்தான் இந்த வருஷம் பின்சி சபைக் கமிட்டியில் எழுந்து நின்றாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பொட்டலம், சஜனுக்கும் அதுவே. அதை நானே செய்து தருவேன் என்றாள். பயறும் கருப்பட்டியும் தேங்காயும் எள்ளும் சேர்த்து உருட்டி, மாவில் முக்கிய முந்திரிக்கொத்து. எண்ணெயில் பொரிக்காமல், குழியுள்ள உண்ணியப்பச் சட்டியில் ஒரு சொட்டு நெய் விட்டுச் சுட்டது. எவ்வளவு முனகல்! எவ்வளவு இளக்காரம்! எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினாள்.

இப்போது அந்த அறுபதும் புளித்துக் கிடந்தன.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஓமனாதான். இரண்டு கையிலும் பேக்கரிப் பெட்டிகள்.

"ஒரு தைரியத்துக்கு வாங்கினேன் கேட்டியா. உன் பலகாரத்த பிள்ளையள் தின்னல்லேண்ணா…" பிரிந்து கிடந்த பொட்டலங்களைக் கண்டதும் பேச்சு நின்றது. ஓமனா ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள். "தேங்காய வறுத்தியா?"

"இல்லக்கா. வறுத்தா எண்ணெய் கக்குமேண்ணு பச்சையாட்டே சேத்தேன்."

"பெஸ்ட்! ருசிக்கு வறுக்குதோம்ணா நெனச்ச? ஈரம் சாவதுக்காக்கும் வறுக்குது. வறுத்தா ரெண்டு வாரம் இரிக்கும், பச்சைண்ணா அண்ணைக்கே தீக்கணும். நீ சூட்டோட கவர்லயும் கெட்டி வச்சிருக்க. மருந்துக்கடையில எல்லாம் படிச்சா, இத ஆரு படிக்கது?"

முந்தாநாளே செய்து முடித்த அவசரம் எதற்கு? கமிட்டிக்காரர்கள் முன்னால் தோற்றுவிடக் கூடாதே என்ற பயம்தான். பின்சிக்கு ஓமனா முன்னால் அழுவதைவிட நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் என்றிருந்தது.

"விடு. கேக்கு உண்டுல்லா. அறுபது பிள்ளையள வெறுங்கையோட அனுப்ப ஒக்குமா? சஜனுக்கு நான் ஆப்பிளும் வாங்கியிரிக்கேன்."

ஆப்பிள் என்ற சொல்லைக் கேட்டதும் சஜன் எழுந்து வந்தான்.

"எனக்கு ஆப்பிள் போதும் மாமி," என்றான். "கேக்கு அவங்களுக்குக் குடுங்கோ. ஆனா மைக்குல என் பேரச் சொல்லாண்டாம்."

ஓமனாவின் முகம் கறுத்தது. "நான் ஜெபிக்கத்தானடா மக்களே…"

"மனசுக்குள்ள ஜெபிங்கோ."

பின்சி மகனைப் பார்த்தாள். விட்டுக்கொடுக்க ஒன்பது வயதில் பழகிவிட்டானே! அவள் அலமாரியைத் திறந்தாள். வறுத்துப் பொடித்த பயறு டின்னில் பாதிக்கு மேல் இருந்தது. கருப்பட்டி இருந்தது. மூலையில் தேங்காயும் இருந்தது.

"அக்கா, இப்பம் செய்து இப்பமே தின்னா புளிக்காதுல்லா?"

"மணி என்னாச்சு தெரியுமா? இனி எப்பம் உருட்டி, எப்பம் மாவுல முக்கி…"

"முக்கல்ல, சுடவும் இல்ல. வெறும் உருண்டையாட்டு பிடிப்பேன். தேங்காயையும் வறுத்தே சேக்குதேன்."

"அது முந்திரிக்கொத்தா? ஆளுக மூக்கால சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். அவனும் எல்லாரும் ஒண்ணையே தின்னணும், அவ்வளவுதான். அஞ்சரை வரைக்கும் அந்தப் பெட்டியத் தொறக்காதீங்கோ."

ஓமனா தம்பி மனைவியைப் பார்த்தாள், பையனைப் பார்த்தாள். சமாதானமாக ஒரு வார்த்தை வரும் என்று பின்சி காத்திருந்தாள். வரவில்லை.

"அஞ்சரைண்ணா அஞ்சரை. ஒரு நிமிஷம் போனாலும் கேக்கு குடுப்பேன். பிள்ளையளு காத்திரிக்காது."

பையிலிருந்த ஆப்பிளை மட்டும் மேசையில் வைத்தாள். சஜன் அதை எடுத்து, அவள் பெட்டியின் மேலேயே திருப்பி வைத்தான். ஓமனா பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். ஸ்கூட்டர் இரண்டு முறை இருமி, மூன்றாவதில் கிளம்பியது.

"எலே, அந்தக் கதவச் சாத்து," என்றாள் பின்சி, தேங்காயைத் தரையில் அடித்து உடைத்துக்கொண்டே. "இனி ஆரு வந்தாலும் தொறக்காத."

சஜன் கதவைச் சாத்தித் தாழ் போட்டான்.