சகலையின் டிரம்மும் என் வேட்டியும்

என் மனைவியின் தங்கை கணவன், அதாவது என் சகலை, திருப்பதியில் தன் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறான் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. பீர் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் சிரிக்க வைக்கும் வேலை என்னுடையது. எந்த விசேஷமானாலும் சாப்பாடு முடிந்ததும் நாற்காலிகள் என்னைச் சுற்றித்தான் வந்து நிற்கும். அவன் பீர் காய்ச்சும் மெஷின் ஒன்றை வாங்கிய பிறகு நாற்காலிகள் அதைச் சுற்றி நின்றன. போன பொங்கலுக்கு நான் பாதி சொல்லிக்கொண்டிருந்த கதையை அப்படியே விட்டுவிட்டு என் மனைவியே எழுந்து போய் அதை எட்டிப் பார்த்தாள்.

பார்ப்பதற்குக் கல்யாண வீட்டு டீ டிரம் போலத்தான் இருக்கும். அடியில் ஹீட்டர், ஓரமாக ஒரு பம்ப், முகப்பில் டிகிரி காட்டும் சிவப்பு எழுத்து, உள்ளே ஓட்டை போட்ட ஸ்டீல் கூடை. முளைகட்டிக் காயவைத்த பார்லியை உடைத்துக் கூடையில் கொட்டி, அறுபத்தாறு டிகிரி வெந்நீரில் ஊறவைக்க வேண்டும். பம்ப் அடித் தண்ணீரை இழுத்து மேலே ஊற்றும். அது தானியத்தின் இடுக்குகளில் புகுந்து தித்திப்பை வாங்கிக்கொண்டு மறுபடி கீழே இறங்கும். இவ்வளவுதான். இதற்குப் போய், "எவ்ளோ பொறுமையா செய்றாரு பாத்தியா" என்று மாமியார் மெச்சினார். அது சிறுநீரகத்துக்கு நல்ல பார்லித் தண்ணீர் என்பது அவர் எண்ணம். நாங்களும் திருத்தவில்லை.

ஒருநாள் சகலை போன் செய்தான். "அண்ணா, இந்த வாட்டி தானியம் முழுசா அனுப்பிட்டாங்க. உங்க நகரி மாவு மிஷின்ல லேசா உடைச்சிக்கினு வரீங்களா? ஒண்ணு ரெண்டா உடைஞ்சா போதும்."

ஒன்று இரண்டாக உடைப்பதா? அரைகுறை வேலை என்று நினைத்துக்கொண்டேன். மிஷின்காரர் மூட்டையில் கைவிட்டுப் பார்த்து, "சத்துமாவாண்ணா?" என்றார். எங்கள் பக்கத்தில் முளைகட்டிக் காயவைத்த எதுவும் சத்துமாவுதான். சத்துமாவு என்றால் முகத்தில் பூசிக்கொள்ளும் அளவுக்கு நைசாக இருக்க வேண்டும். "ஆமா, நல்லா நைசா போடு. ரெண்டு ஓட்டு ஓட்டு" என்றேன். அவனைவிட அருமையாக ஒரு காரியம் செய்துவிட்ட பெருமையோடு, மடியில் பையை வைத்துக்கொண்டு, பக்கத்தில் மனைவியோடு புத்தூர், வடமாலபேட்டை வழியாகத் திருப்பதிக்கு பஸ்ஸில் போனேன்.

அங்கே தண்ணீர் சூடாகிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து மாமியார் திருச்சானூர் கோயிலிலிருந்து போன் செய்தார், ஷேர் ஆட்டோ கிடைக்கவில்லையாம். சகலையும் மச்சினியும் காரை எடுத்தார்கள். "சூடு வந்ததும் கொட்டிக் கலக்குங்கண்ணா. இது பம்ப் ஸ்விட்ச். வேற ஒண்ணும் தொடாதீங்க." பையைப் பிரித்துப் பார்க்க அவனுக்கு நேரமில்லை.

கொட்டினேன், கலக்கினேன், பம்பைப் போட்டேன். சற்று நேரத்தில் கூடைக்குள் கூழ் இறுகிச் சிமெண்டாகிவிட்டது. மேலே ஊற்றிய தண்ணீர் மேலேயே நின்றது. கீழே ஹீட்டரிலிருந்து அடிபிடித்த வாசனை. மெஷின் கூவ ஆரம்பித்தது. நானும் கூட ஒரு சுருதி சேர்த்தேன் என்று என் மனைவி சொல்கிறாள், எனக்கு ஞாபகமில்லை. பக்கத்து வீட்டம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏமண்டி, ராகி மால்ட்டா?" என்று கேட்டார். கோயில் ஊரில், ஒரு டிரம் நிறைய பீருக்கான கஞ்சியை வைத்துக்கொண்டு, "அவுனண்டி, பிள்ளலகி" என்று கத்தினேன். பிள்ளைகளுக்காம்! அந்த வீட்டில் பிள்ளைகளே கிடையாது.

"பிளக்கைப் புடுங்குய்யா மொதல்ல!" என்றாள் மனைவி. பிடுங்கினேன். கூவல் நின்றது, என் நடுக்கம் நிற்கவில்லை. அவன் மெஷினைக் கெடுத்தவன் என்று ஆயுசு முழுக்கச் சொல்வார்களே! கூடையைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு சொட்டு இறங்கவில்லை.

"துணியில போட்டு புழிஞ்சா?" என்றாள்.

"எந்தத் துணி?"

அவள் என் வேட்டியைப் பார்த்தாள். எங்கள் ஊர்த் தறியில் நெய்தது, அன்று காலையில்தான் மடிப்புக் கலைத்தது. அவிழ்த்தேன். கூழை அதில் கொட்டி, அவள் ஒரு முனையும் நான் ஒரு முனையுமாகப் பிடித்து முறுக்கினோம். பொன் நிறத்தில் தித்திப்பு நீர் அண்டாவில் ஒழுகியது. கை வெந்தது. பட்டாபட்டி டிராயரோடு நான் முறுக்கிக்கொண்டு நிற்கும்போது கதவு திறந்தது. சகலை, மச்சினி, கையில் பிரசாதத்தோடு மாமியார்.

"இன்னா மாப்ள, வந்த எடத்துல துணி தோச்சிக்கினு கீறீங்க?" என்றார் மாமியார்.

சகலை கோபிக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மெஷினின் அடியைச் சுரண்டிக் கழுவி, பிழிந்த நீரை மறுபடி ஊற்றி, மேற்கொண்டு காய்ச்சி, நொதிக்க வைத்தான். சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் எல்லோருக்கும் ஊற்றினான். கலங்கலாக இருந்தது. குடித்துப் பார்த்தேன். நன்றாக இருந்து தொலைத்தது.

பிறகு அவன் அந்தக் கதையை எடுத்தான். தான் பார்க்காததை எல்லாம் என் மனைவியிடம் கேட்டு வைத்திருந்தான். நான் டிராயரோடு நின்றதை எழுந்து நின்றே நடித்துக் காட்டினான். மாமியார் குரலில் பேசினான், மெஷின் கூவலையும் என் கூவலையும் தனித்தனியாகக் கூவினான். நாற்காலிகள் குலுங்கின. பொறுக்க முடியாமல் நான் குறுக்கிட்டேன்: "நடந்தது எனக்கு, நான் சொல்றேன் கேளுங்க." முதலிலிருந்து சொன்னேன். மரியாதைக்குச் சிரித்தார்கள். மாவு மிஷின் கட்டத்தை நான் தாண்டுவதற்குள் என் மனைவி கையை நீட்டி என்னை நிறுத்தினாள்.

"நீ சும்மா இரு. அவரு சொன்னாத்தான் நல்லா கீது."

அவன் மறுபடி எழுந்தான். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. அவன் என் நடுக்கத்தை நடித்துக் காட்டிய இடத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. யாரும் பார்ப்பதற்குள் முகத்தை டம்ளருக்குள் கவிழ்த்துக்கொண்டேன்.