கெட்டிமேளத்துக்கு அடியில் ஒரு பேச்சு

பொய்யை டைப் செய்தது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் என் வீட்டுக்காரரை யாரும் குறை சொல்லக் கூடாது.

மாறன் வேங்கிக்காலில் எங்கள் மாடி அறையில் உட்கார்ந்து கல்யாண வீடியோக்களை எடிட் செய்கிறவர். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் வெளிநாட்டில். லிங்க் அனுப்புவோம், எத்தனையாவது நிமிடத்தில் எதை மாற்ற வேண்டும் என்று எழுதுவார்கள். அவர் கை, நான் வாய். பதில் போடுவது, சமாதானம் சொல்வது எல்லாம் என் பாடு.

கவிநிலாவின் கல்யாணம் மாசியில், கீழ்பென்னாத்தூரில் நடந்தது. முடிந்த கையோடு ஜெர்மனி போய்விட்டாள். தாலி கட்டும்போது அவள் அப்பா கேமராவை ஒட்டி நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மாறன் பத்து முறை ஓட்டிக் கேட்டுவிட்டு, "நல்ல நேரத்துல இன்னா பேச்சு இது?" என்று அலுத்துக்கொண்டார். அந்த நேரத்தில் காதில் வேண்டாத சொல் விழக் கூடாது என்றுதானே கெட்டிமேளமே கொட்டுகிறார்கள்! அந்த இடத்துச் சத்தம் முழுக்க எடுத்துவிட்டு, வேறொரு கெட்டிமேளத்தைப் போட்டார். கவிநிலாவும் பார்த்துவிட்டு சூப்பர் என்று எழுதினாள்.

ஒரிஜினலை ஆறு மாதம் வைத்திருப்பது எங்கள் வழக்கம். சித்ரா பௌர்ணமிக் கிரிவல வீடியோக்கள் வந்து குவிந்தன, டிஸ்கில் இடமில்லை. "அந்தப் பொண்ணுதான் ஓகே சொல்லிடுச்சே, அழிச்சிடுங்க" என்று சொன்னதும் இந்த வாய்தான். இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

ஆனியில் அவள் அப்பா திடீரென்று இறந்துபோனார். காரியம் முடிந்ததும் எனக்குச் செய்தி அனுப்பினாள்.

"அக்கா, தாலி கட்டும்போது அப்பா என்னைப் பாத்து என்னமோ சொன்னாரு. மேளத்துல கேக்கல. அப்புறம் கேட்டா சிரிச்சிட்டே போயிட்டாரு. ஒரிஜினல்ல இருக்கும், அனுப்புறீங்களா?"

மெமரி கார்டு கெட்டுப்போச்சும்மா என்று தட்டிவிட்டேன். "பரவாயில்லக்கா, நீங்க இன்னா பண்ணுவீங்க" என்று அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். சீ, நானும் ஒரு மனுஷியா என்றிருந்தது.

மாறன் அன்று சோற்றில் கை வைக்கவில்லை. "அவர் சொன்னது எனக்கு மனப்பாடம் மதி. அந்தப் பொண்ணுக்குத் தெரியல, எனக்குத் தெரியுது. போன் போடு."

வீடியோ காலில் நான் முந்திக்கொண்டேன். "கவி, கார்டு கெடல. நாங்கதான் அழிச்சோம். நான் சொன்னது பொய்."

அவள் போனை முகத்துக்கு இன்னும் கிட்டே கொண்டுவந்தாள். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலாம்.

மாறன் தலையைக் குனிந்துகொண்டார். "உங்கப்பா பேசினத நான் கேட்டேம்மா. 'பாப்பா, அன்னைக்கு அப்பா உன்னை அடிச்சிட்டேன், மனசுல வச்சிக்காத'ன்னாரு. மூணு வாட்டி சொன்னாரு."

"எப்படிச் சொன்னாரு? அதே மாதிரி சொல்லுங்கண்ணா."

சொல்லிக் காட்டினார்.

கவிநிலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னைக்கு அடிச்சாரு? எனக்கு ஞாபகமே இல்லியேண்ணா."

அந்தச் சத்தத்தை நாங்கள் விட்டுவைத்திருந்தால், இதை அவள் அவரிடமே சொல்லியிருப்பாள். வீடியோ போய்ச் சேர்ந்த பிறகும் மூன்று மாதம் அவர் உயிரோடு இருந்தார்.