பின்பக்கத்து இரண்டு குழாய்கள்

மச்சான் இறந்தபோது ராஜபாளையத்தில் எல்லோரும் என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். ஒருத்தர்கூட என்னைக் குறை சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மச்சான் என் அக்கா வீட்டுக்காரர். தென்காசி ரோட்டில் கார் பட்டறை வைத்திருந்தார். ஆறாவதோடு படிப்பை விட்ட நான் அங்கே வெல்டிங் வேலை பார்த்தேன். மில் முதலாளி ஒருத்தர் வீட்டில் ஓடி ஓய்ந்த வெள்ளைக் காரை வாங்கி வந்து, இதை ராலியில் ஓட்டப் போகிறேன் என்றார் மச்சான். மலைப் பாதையிலும் மண் ரோட்டிலும் ஒவ்வொரு வண்டியாக விட்டு, யார் குறைந்த நேரத்தில் போய்ச் சேர்கிறார்கள் என்று பார்க்கும் போட்டி அது.

அக்கா சிரித்தாள். "ஸ்ரீவில்லிபுத்தூருல நம்ம அம்மா வீட்டுக்கு பஸ்ஸுல வந்தாலே அவியளுக்குத் தல சுத்தும். இதுல ராலியாம்."

ஒரு வருஷம் அந்த வண்டியோடு கிடந்தோம். பின் சீட்டைக் கழற்றினோம். கதவுக் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் ஷீட் போட்டோம். இன்ஜினில் கல் அடிக்காமல் இருக்க அடியில் தகடு கட்டினோம். காலையில் அய்யனார் கோவில் ரோட்டில் ஏற்றிப் பார்ப்பார். மழை பெய்தால் சோழபுரம் பக்கம் கண்மாய்க் கரைச் சேற்றில் விட்டுப் பார்ப்பார். வண்டி உருண்டால் கூரை நசுங்காமல் இருக்க உள்ளே குழாயில் ஒரு கூண்டு வேண்டும். அது என் வேலை. கனமான குழாயை வளைத்துப் பார்த்துப் பார்த்துப் பற்றவைத்தேன்.

முதல் இரண்டு போட்டியிலும் பிந்திவிட்டோம். இறக்கத்தில் பிடிக்கிற நேரத்தை ஏற்றத்தில் விட்டுவிடுகிறோம், வண்டி கனம் என்றார் மச்சான். கோபமில்லை, கேலிதான்.

"ஏலே மாப்ளே, நீ கூண்டா செஞ்சிருக்க? கோட்டையில்லா கட்டியிருக்க. அம்புட்டு இரும்பையும் நாந்தாம்லா சுமந்துட்டு ஏறுதேன்."

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

மூன்றாவது போட்டிக்கு முன்னால், அவர் டயர் வாங்க மதுரைக்குப் போயிருந்த அன்று, கூண்டைப் பின்பக்கமிருந்து தாங்கும் குழாய் இரண்டையும் அறுத்தேன். நூல் மில்லில் காற்று ஈரமாக இருக்கத் தண்ணீர் தெளிப்பார்கள். அதற்குப் போடும் மெல்லிய குழாய் பழைய இரும்புக் கடையில் கிடந்தது. அதை வாங்கிப் பற்றவைத்துக் கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டேன். போட்டிக்கு முன் வண்டியைச் சோதிக்கிறவர், குழாயின் கனம் பார்க்க அதில் சின்ன ஓட்டை போடுவார். ஓட்டுகிறவர் தலைக்குப் பின்னால் இருக்கும் வளைவில்தான் போடுவார் என்று எனக்குத் தெரியும். அங்கே பழைய கனக் குழாயை அப்படியே விட்டிருந்தேன். முதல் போட்டியில் போட்ட ஓட்டையையே பார்த்துவிட்டு அவர் வண்டியை அனுப்பிவிட்டார்.

எங்கள் பிரிவில் ஜெயித்தோம். எடை குறைந்ததால்தான் ஜெயித்தோமா என்றுகூட இன்றுவரை எனக்குத் தெரியாது. கார்புரேட்டரில் என்ன செய்தாய் என்று மச்சான் கேட்டார். சும்மா கொஞ்சம் டியூன் பண்ணினேன் என்றேன். அந்த நேரம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அடுத்த போட்டியில், காபித் தோட்டத்து வளைவில் வண்டி உருண்டது. பக்கத்தில் உட்கார்ந்து வழிக் குறிப்பு வாசித்தவர் கை முறிவோடு தப்பினார். மச்சான் பக்கம் மட்டும் கூரை இறங்கிவிட்டது. லாரியில் வண்டி வந்ததும் உள்ளே பார்த்தேன். வலது பின் குழாய் பப்பாளித் தண்டு மாதிரி மடிந்து கிடந்தது. தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்துக் கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர் வண்டியை விலைக்குக் கேட்டு வந்தார். மச்சான் போனபின் அம்மா வீட்டுக்கே போய்விட்ட அக்காவும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்தாள். எனக்குச் சோறு கொண்டு வந்திருந்தாள். கூண்டில் மடிந்ததை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதும் என்றார் அவர். இரண்டையுமே கனக் குழாயாக மாற்றிக் கொடுத்துவிட்டால் முடிந்தது, யாருக்கும் தெரியப் போவதில்லை என்று நினைத்தேன்.

அப்போது அக்கா அவரிடம் சொன்னாள். "எந் தம்பி போட்ட கூண்டுங்க. அத நம்பித்தான் அவிய பயமில்லாம ஓட்டுவாக."

டிரில் மெஷினை எடுத்தேன். இடது பின் குழாயில் வைத்தேன். வைத்ததும் உள்ளே போய்விட்டது. பிறகு முன் குழாயில் வைத்தேன். அது நேரம் பிடித்தது. இரண்டு ஓட்டையையும் காட்டி, அறுத்தது, மாற்றியது, பெயின்ட் அடித்தது எல்லாவற்றையும் சொன்னேன். கோயம்புத்தூர்க்காரர் வெளியே போய் நின்றார்.

அக்கா இரண்டு ஓட்டையையும் விரலால் தடவிப் பார்த்தாள்.

"அவியளுக்குத் தெரியுமாலே?"

தெரியும், அவர்தான் செய்யச் சொன்னார் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். வாய் வரைக்கும் வந்தது.

"தெரியாதுக்கா" என்றேன்.

அவள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து போய்விட்டாள். சோறு கொண்டு வந்த தூக்குவாளி பெஞ்சிலேயே இருந்தது. நான் திறக்கவில்லை. மறுநாள் கெட்டுப்போன சோற்றைக் கொட்டிக் கழுவி வைத்தேன். அதைக் கொடுப்பதற்காக இரண்டு முறை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினேன். இரண்டு முறையும் பாதியிலேயே இறங்கிவிட்டேன்.