ஓட்டைப் படகில் வடிந்த சாராயம்

வெட்டிச் சாய்த்த எண்ணெய்ப்பனைக்குச் சந்தை நாள் தெரியாது. ஒரு மாதம் வரை காலையும் மாலையும் அது பாட்டுக்குக் கள் சுரந்துகொண்டே இருக்கும். அகோர்ஃபாவின் கணவன் செனானு மரம் சாய்ப்பதில் கெட்டிக்காரன். அவன் இறக்கிக்கொண்டு வரும் கள்ளை, கானா நாட்டு வோல்டா ஏரியின் படகுத்துறைக்கு மேலே மாமரத்தடியில் வைத்து விற்பது அவள் வேலை. வியாழக்கிழமை சந்தையன்று உச்சிவெயிலுக்குள் எல்லாம் காலியாகிவிடும். மற்ற நாட்களில் மீனவர்கள் நாலு பேர் வந்தால் அதிகம். மூன்றாம் நாள் கள் புளித்து மூக்கைத் துளைக்கும். அதற்கப்புறம் அதற்கு ஒரே போக்கிடம்தான், அமெவோரின் வாலை.

அந்தத் துறையில் சாராயம் வடிக்கும் வாலை அமெவோர் ஒருவரிடம்தான் இருந்தது. விறகு நம்முடையது, தண்ணீர் சுமப்பது நாம், ஆனால் வடிந்ததில் பாதி அவருக்கு. எட்டு வருஷமாக அகோர்ஃபா வாயைத் திறக்காமல் பாதியைக் கொடுத்துவந்தாள். அந்த வருஷம் புழுதிக்காற்றுக் காலத்தில் ஆறு கேன் கள்ளோடு அவர் முற்றத்தில் மூன்று நாள் காத்திருந்தாள். அமெவோர் தன் மச்சானின் கள்ளையே திரும்பத் திரும்ப ஏற்றினார். நாலாம் நாள் அவள் கேனைத் திறந்தபோது உள்ளே இருந்தது கள் இல்லை, காடி.

"அண்ணே, இதை இனிமே மீன் கழுவத்தான் ஊத்தணும்."

"அவ்வளவு அவசரம்னா சொந்தமா ஒண்ணு வெச்சுக்கயேன், யாரு வேணாங்கிறா?" என்றார் அமெவோர். முற்றத்தில் இருந்தவர்கள் சிரித்ததும் அவருக்கு உற்சாகம் கூடிவிட்டது. "உன் சோத்துப் பானை மேல இன்னொரு பானையக் கவுத்து வெச்சு ஒரு குழாயச் சொருகு. ஜோரா வடியும்."

வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அகோர்ஃபா கொதித்தாள். பாதி வழியில் சட்டென்று நின்றாள். அந்த மனிதர் கேலியாகச் சொன்னது அத்தனையும் உண்மை. ஒரு பானை, அதன் மேல் கவிழ்த்த பானை, ஒரு குழாய், அது குளிர்வதற்குக் கொஞ்சம் தண்ணீர். இதற்கா எட்டு வருஷம் பாதி கொடுத்தோம் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீதி வழியை அவள் ஓட்டமும் நடையுமாகக் கடந்தாள்.

"செம்புக் குழாய் என்ன விலைன்னு தெரியுமாடி உனக்கு?" என்றான் செனானு, அக்பிளே களி உருண்டையை மீன் குழம்பில் தோய்த்தபடி.

"தெரியாது. நாளைக்குத் தெரிஞ்சுக்கிறேன்."

மறுநாள் டவுனில் தெரிந்துகொண்டாள். புதுக் குழாயின் விலைக்கு இரண்டு ஆடு வாங்கலாம். கடைக்காரனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தவள், தெருக்கோடியில் பழைய விடுதி ஒன்றை இடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். சுவரிலிருந்து உருவிய தண்ணீர்க் குழாய்களைக் குவித்து வைத்து ஒருவன் எடை போட்டு விற்றுக்கொண்டிருந்தான். குவியலின் அடியில் பாசி பிடித்ததுபோல் பச்சையாகக் கிடந்த நீளக் குழாயை அகோர்ஃபா நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். உள்ளே சிவப்பு தெரிந்தது. ஈஸ்டருக்குத் துணி எடுக்கச் சேர்த்து வைத்திருந்த காசு சரியாக அதற்குப் போயிற்று. வேன் கூரையில் குழாயைக் கட்டிக்கொண்டு அவள் வந்து இறங்கியபோது, வீட்டுக்குத் தண்ணீர் இணைப்பு வருகிறதா என்று விசாரிக்காத ஆள் இல்லை.

காடியாகிப்போன ஆறு கேன் கள்ளும் அப்போதுதான் உதவிற்று. மணலையும் காடியையும் கலந்து குழாய்க்குள் ஊற்றி, இரு முனையையும் அடைத்து அவளும் செனானுவும் இரண்டு பக்கமும் பிடித்துக் குலுக்கினார்கள். பச்சைத் தண்ணீர் கொட்டிற்று. மறுபடி குலுக்கினார்கள். நாலாம் தடவை தண்ணீர் தெளிவாக வந்தது. அதற்குள் செனானுவுக்கும் வெறி பிடித்துவிட்டது. குழாய் நிறையக் காய்ந்த மணலைத் திணித்து, பலா மரத்தில் அணைத்து, அங்குலம் அங்குலமாக வளைத்தது அவன்தான். மணல் உள்ளே இருந்ததால் குழாய் எங்கேயும் நசுங்கவில்லை.

கொதிகலனாக வைக்க, பலகாரம் பொரிக்கிறவளிடமிருந்து சமையல் எண்ணெய் டிரம் ஒன்று கிடைத்தது. சாம்பல் போட்டு மூன்று நாள் தேய்த்தார்கள். மேல் மூடிக்குக் குயத்தி யாவாவிடம் போனாள்.

"நல்ல பானை செஞ்சு குடுன்னு கேப்பாங்க. ஓட்டப் பானை செஞ்சு குடுன்னு கேட்டு வந்த மொத ஆளு நீதாண்டி," என்றாள் யாவா. ஆனாலும் ஓட்டையைச் சுற்றிக் குழாய் பொருந்த ஓர் உதடு வைத்து அழகாகச் சுட்டுக் கொடுத்தாள்.

குளிரவைக்கும் தொட்டிதான் பாக்கி. படகோட்டி செலோர்ம் பழைய லாரி ரேடியேட்டரைக் கொண்டுவந்து போட்டான். "இதுக்குள்ள ஆவிய விட்டா போதும், தொட்டியே வேணாம்."

"அதை ஈயத்தால பத்த வெச்சிருப்பாங்க, அது விஷம். குடிக்கிறவன் சாவுக்கு நான் சாராயமும் குடுத்து அழவும் போகணுமா? எடுத்துட்டுப் போ. அதுக்குப் பதிலா கரையில கிடக்கிற உன் படகைக் குடு."

"அது ஓட்டைன்னுதானே கரையில கிடக்கு."

"ஏரியில வெச்சா தண்ணி உள்ள வரும். என் முற்றத்துல எங்கேருந்து வரும்?"

செலோர்ம் யோசித்துப் பார்த்தான். முதல் புட்டி தனக்கு என்று பேசிக்கொண்டு, ஆட்களோடு படகைத் தூக்கி வந்து கொடுத்தான். மரத்தைக் குடைந்த பழைய படகு அது. விளிம்புக்குச் சற்றே கீழே ஒரு சாண் நீள வெடிப்பு. அதில் தாரை உருக்கி அடைத்தாள். முன்பக்கம் உயரத்தில் ஒரு துளை, பின்பக்கம் தாழ்வில் ஒரு துளை. குழாய் சரிவாக உள்ளே நுழைந்து தண்ணீருக்குள் படுத்து வெளியே எட்டிப்பார்த்தது.

சனிக்கிழமை காலையில் அடுப்பு மூட்டினாள். டிரம்மில் முக்கால் அளவு புளித்த கள். மூடிப் பானையைச் சுற்றி மரவள்ளி மாவைப் பிசைந்து அப்பினாள். முற்றம் சந்தைபோல் நிறைந்துவிட்டது. அமெவோரும் வேலிக்கு வெளியே வந்து நின்றார்.

டிரம் முனகத் தொடங்கியது. மூடிப் பானை தொட முடியாமல் சுட்டது. குழாய் நுனியில் முதல் சொட்டு தொங்கியபோது அகோர்ஃபா குவளையை நீட்டினாள். சொட்டு நூலாயிற்று. முதல் குவளையை அவள் பிடித்து மண்ணில் ஊற்றினாள். அது தலைநோவு தருகிற பங்கு, குடிக்கக் கூடாது. அடுத்த குவளை பாதி நிறைவதற்குள் நூல் அறுந்தது. குழாயிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பி அவள் முகத்தில் அடித்தது.

"ஆகா, சாராயம் காத்துல பறக்குது. மூக்கைத் தூக்கிக் குடிங்கடா," என்றார் அமெவோர் வேலிக்கு அப்பாலிருந்து.

அகோர்ஃபா விறகை வெளியே இழுத்துப் போட்டுவிட்டுப் படகுத் தண்ணீரில் கையை விட்டாள். மேலே கை பொறுக்காத சூடு. தோள்வரை விட்டாள். அடியில் சில்லென்று இருந்தது. வாளி வாளியாக ஊற்றினாலும் சுட்ட தண்ணீர் மேலேயே மிதந்து, குழாய் நுழையும் இடத்தைச் சுற்றி நின்றுகொண்டிருந்தது. அதற்கு வெளியேற வழி வேண்டும். வழி எங்கே?

அவள் எழுந்து வெட்டுக்கத்தியை எடுத்தாள். செனானு பதறிப்போனான். "என்னடி பண்ற?"

"ஓட்டையத் திறக்கிறேன்."

தாரைச் சுரண்டி எடுத்ததும் வெடிப்பு வழியே சூட்டுத் தண்ணீர் ஆவி பறக்க வழிந்து ஓடிற்று. பின்பக்கத்து அடியில் படும்படி ஒரு மூங்கிலைச் சாய்த்து வைத்து, அதன் வழியாகக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றச் சொன்னாள். கீழே குளிர்ந்தது நுழைந்தது, மேலே சுட்டது வெளியேறிற்று. வெடிப்பின் மட்டத்தில் நின்ற தண்ணீர் குறையவும் இல்லை, கூடவும் இல்லை. செலோர்ம் தன் படகைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுபடி விறகு உள்ளே போயிற்று. இந்தத் தடவை நூல் அறுபடவில்லை. பென்சில் கனத்தில், கண்ணாடி நிறத்தில், சத்தமே இல்லாமல் குடுவைக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. தண்ணீர் ஊற்றிய பெண்கள் ஒருவர் மாற்றி ஒருவர் பாட ஆரம்பித்தார்கள். அகோர்ஃபா ஒரு புட்டியில் பிடித்துக் குலுக்கினாள். மேலே முத்து முத்தாக நுரை கட்டி நின்றது. ஒரு கரண்டியில் ஊற்றித் தீக்குச்சியைக் காட்டினாள். வெயிலில் சுடர் தெரியவில்லை. செனானு தன் தொப்பியால் நிழல் கட்டினான். நீல நிறம் நடுங்கிற்று. முற்றம் முழுக்கக் கூவிற்று.

குடிக்கத் தகுந்த முதல் குவளையில் கொஞ்சம் முன்னோர்களுக்கு மண்ணில் சாய்த்தார்கள். இரண்டாவது குவளையை எடுத்துக்கொண்டு அகோர்ஃபா வேலிப் பக்கம் நடந்தாள்.

"அண்ணே, முப்பது வருஷமாக் காய்ச்சுறீங்க. நீங்க சொல்லுங்க."

அமெவோர் முகர்ந்தார். நாக்கில் வைத்தார். கண்ணை மூடி விழுங்கினார். எல்லாரும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் அடி பிடிச்ச வாசனை இருக்கு," என்றார். பிறகு குவளையை நீட்டினார். "இன்னொண்ணு ஊத்து, சரியாச் சொல்றேன்."

"ரெண்டாவதுக்குக் காசு."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சட்டைப் பையைத் தடவி ஐந்து சீடி நோட்டை எடுத்துக் கொடுத்தார். மறுவாரமே அடி பிடிக்காமல் இருக்க டிரம்முக்குக் கீழே எத்தனை கல் வைக்க வேண்டும் என்று அவரே வந்து காட்டிக்கொடுத்ததையும் சொல்லத்தான் வேண்டும். கள் விற்கும் மற்றப் பெண்கள் புளித்த கேன்களோடு அகோர்ஃபாவின் முற்றத்துக்கு வரத் தொடங்கினார்கள். டிரம்முக்கு ஒரு புட்டி மட்டும் அவள் எடுத்துக்கொண்டாள். மழைக்காலம் வருவதற்குள் அமெவோரும் பாதியிலிருந்து கால் பங்குக்கு இறங்கிவிட்டார்.

ஆனால் அகோர்ஃபாவைப் பிடித்து ஆட்டியது விற்பனை இல்லை. குழாய் வளைப்பதும், துளை போடுவதும், முதல் நூல் இறங்கும் அந்த நொடியும்தான். துறைக்குத் துறை அவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஓர் இடத்தில் டிரம் கிடைக்காமல் பெரிய சமையல் அண்டாவில் கட்டினாள். இன்னோர் இடத்தில் படகுக்குப் பதில் பழைய குளியல் தொட்டி. இதுவரை பதினோரு வாலை.

போன திங்கட்கிழமை அக்கரையிலிருந்து மூன்று சகோதரிகள் ஆள் அனுப்பியிருந்தார்கள். டிரம் இருக்கிறது, பானை இருக்கிறது, குழாய் மட்டும் கோணலாகிவிட்டதாம். சேதி சொல்ல வந்தவன் பேசி முடிப்பதற்குள் அகோர்ஃபா சாக்கில் மணலை அள்ளத் தொடங்கிவிட்டாள்.

"அங்க மணலே இல்லியா அக்கா?" என்று கேட்டான் அவன்.

"ஈர மணலா இருந்தா என்ன பண்ணுவே? பேசாம இந்தப் பக்கத்தப் பிடி. படகு போயிடப்போகுது."