சைக்கிள் மிதித்துப் பிடித்த யப்பான்

வானொலி ஆர்வலர் மாநாட்டுக்கு என் கட்டுரையை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசி வரியைப் படித்ததும் நன்றாகவே புரிந்துவிட்டது. கட்டுரையைச் செயலாளர் வாசிப்பார், தாங்கள் முன்வரிசையில் அமர்ந்து சிறப்பிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். முன்வரிசையில் இருந்து சிறப்பிக்க நான் என்ன மாப்பிள்ளையின் பெரியம்மாவா?

அப்போது நான் வலிகாமத்தில் ஒரு சின்னத் தபால் கந்தோரில் உப தபாலதிபராக இருந்தேன். பதினைந்து வருடம் மோர்ஸில் தந்தி அடித்த கை என்னுடையது. எத்தனையோ வீடுகளின் சாவும் பிள்ளைப்பேறும் என் காது வழியாகத்தான் போயின. சண்டையில் தந்திக் கம்பிகள் அறுந்தபிறகு கடிதம் பிரிப்பது மட்டும்தான் வேலை. கை சும்மா இருந்தாலும் காது சும்மா இருக்க மறுத்தது. பழுதாய்ப்போன றேடியோக்களின் உதிரிகளைச் சேர்த்து, சிற்றலையில் மோர்ஸ் கேட்கக்கூடிய பெட்டி ஒன்றை நானே செய்தேன். ஏரியலுக்குக் கட்டிய செப்புக் கம்பியில் துணி காயப்போட்டேன். வருகிறவர் போகிறவருக்கு அது வெறும் கொடி. ஈரச் சேலை கிடக்கிற நாளில் தூரத்து நிலையம் ஒன்றும் கேட்காது.

கரண்ட் இல்லை. பற்றரி கொண்டுவர அரசாங்கத் தடை. ஊர் முழுக்கச் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, மிதித்து, டைனமோவில்தான் செய்தி கேட்டது. செய்திக்கு அது போதும். மோர்ஸுக்குப் போதாது. மிதிக்கிற வேகம் மாறினால் சத்தத்தின் சுருதியும் மாறும். ஏறி இறங்கும் சத்தத்தில் புள்ளியையும் கோட்டையும் பிடித்து எழுதுவது பெரும்பாடு. டைனமோவுக்கும் பெட்டிக்கும் நடுவில் நாலு டயோட்டும் பெரிய கொண்டென்சர் ஒன்றும் இன்னும் சில சாமான்களும் போட்டு அந்த ஆட்டத்தை அடக்க எனக்கு ஆறு மாதம் பிடித்தது. அதைத்தான் கட்டுரையாக எழுதியிருந்தேன். அதை என் வாயால் சொல்லாமல் வீடு திரும்புவதில்லை என்று முடிவெடுத்து, பெட்டியைக் கரியரில் கட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போனேன்.

மாநாடு பிள்ளைகளுக்குத் தனியார் வகுப்பு நடக்கிற ஒரு ரியூட்டரிக் கொட்டகையில் நடந்தது. முற்றத்தில் குண்டுக்குப் பதுங்கும் பங்கர், உள்ளே இருப்பதற்கு நீள வாங்குகள், வாங்குகளில் முப்பது ஆண்கள். அமெச்சூர் வானொலி என்றால் பேசுவதும் கேட்பதும் என்று மற்ற நாடுகளில் நினைப்பார்கள். எங்களில் ஒருவரிடமும் பேசும் கருவி இல்லை. இருந்தால் எந்தத் தரப்பும் எங்களை விட்டுவைத்திருக்காது. வாய் கட்டப்பட்டவர்கள் கூடி வானொலிக்கு மாநாடு வைத்தோம். அந்தத் திமிர் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அதற்குள்ளேயே எனக்கு இன்னொரு வாய்க்கட்டு என்றால் எப்படிப் பொறுப்பது?

செயலாளர் அங்கேயே பௌதிகம் படிப்பிக்கிற இளைஞர். வாசலில் வரவேற்றார்.

"வாங்கோ அக்கா. முன்னுக்கு இருங்கோ. கட்டுரை என்ரை கையிலை இருக்கு, வடிவா வாசிப்பன்."

"தம்பிக்கு மோர்ஸ் தெரியுமோ?"

"தெரியாது. வாசிக்கிறதுக்கு அது என்னத்துக்கு?"

"ஆரும் கேள்வி கேட்டால்?"

"நீங்கள் பக்கத்திலை இருப்பியள்தானே. மெல்லமாச் சொல்லித் தாங்கோவன்."

தலைவர் ஓய்வுபெற்ற எஞ்சினியர். பேச்சைக் கேட்டு எழும்பி வந்தார். "பிள்ளை, குறை நினையாதையும். பொம்பிளைப்பிள்ளையை மேடையிலை நிப்பாட்டி இவங்கள் கேள்வி கேட்டுக் கரைச்சல் குடுப்பாங்கள். அதுக்காகத்தான்."

"கரைச்சலை நான் பாக்கிறன் ஐயா" என்று சொல்லிவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு கொட்டகைக்குள் போனேன். முப்பது தலைகளும் திரும்பின. மேடை ஒரு படி உயரம்தான். ஏற்றி, ஸ்டாண்டில் நிறுத்தி, ஏரியல் கம்பியை யன்னலால் மாமரத்துக்கு எறிந்தேன். தலைவர் தொண்டையைச் செருமினார். நான் சோக்கை எடுத்துக் கரும்பலகையில் படம் கீறத் தொடங்கிவிட்டேன். கீறி முடித்ததும், "இனிக் கேட்டுப் பாப்பம். நான் மிதிச்சால் ஆர் எழுதுறது? தம்பி, ஏறும்" என்றேன்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கையில் அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. என் லேடீஸ் சைக்கிளில் செயலாளர் ஏறி மிதித்தார். பெட்டி இரைந்தது. திருகியை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினேன். வந்தது மோர்ஸ், சுருதி சுத்தமாக. நான் இரண்டு எழுத்து எழுதுவதற்குள் சத்தம் செத்துப்போனது. திரும்பிப் பார்த்தால், செயலாளர் காலை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்!

"மிதியுங்கோ!" என்று கொட்டகையே கத்தியது.

மிதித்தார். மறுபடி வந்தது. மறுபடி கேட்கிற ருசியில் கால் நின்றுவிட்டது. வானொலிப் பைத்தியத்தைச் சைக்கிளில் ஏற்றினால் வேறென்ன நடக்கும்? "தம்பி, உம்மை ஆர் கேக்கச் சொன்னது? மிதியும்!" என்று நான் அதட்ட, தலைவரே வாய்விட்டுச் சிரித்தார். பிறகு செயலாளர் கண்ணை இறுக மூடிக்கொண்டு மிதித்தார். நான் எழுத்து எழுத்தாகப் பலகையில் எழுதினேன். யப்பானில் ஒருவர் யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தார். மறுமுனை எங்களுக்குக் கேட்கவில்லை. தன் ஊரைச் சொன்னார். அங்கே மழை என்றார். நடுவில் ஆமியின் ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டது. எல்லோரும் ஒருமுறை கூரையைப் பார்த்தார்கள், ஒருவரும் எழும்பவில்லை. யப்பான் மழையைப் பலகையில் வாசித்த அந்த முகங்களைப் பார்த்தபோது எனக்குப் பெருமையில் கண் நிறைந்துவிட்டது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பிறகு கேள்விகள். ஒரு மணி நேரம் நின்று பதில் சொன்னேன். ஒருவரும் கரைச்சல் தரவில்லை, தந்திருந்தாலும் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போயிருப்பார்கள்.

வானொலிக்காரரிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நிலையத்தைக் கேட்டால், எப்போது, எப்படி, என்ன கருவியில் கேட்டோம் என்று அதை நடத்துகிறவருக்கு எழுத வேண்டும்; அவர் உறுதிப்படுத்தி ஓர் அட்டை அனுப்புவார். அவர் சொன்ன நிலையக் குறியீட்டைச் சங்கத்து விலாசப் புத்தகத்தில் தேடி, அங்கேயே எழுதினோம். மின்சாரம் என்ற இடத்தில் "சைக்கிள்" என்று நான் போட, எல்லோரும் கைதட்டினார்கள். கையெழுத்து வைக்கத் தலைவர் பேனாவைத் திறந்தார்.

"சங்கத்தின்ரை சார்பிலை நான் வைக்கிறதுதானே முறை?"

"கேட்டவர்தான் வைக்கிறது முறை, ஐயா."

அவர் பேனாவை என்னிடம் தந்தார். முழுப் பெயரையும் எழுதினேன்.

கப்பல் வந்தால்தான் தபால் என்ற காலம். அஞ்சு மாதம் கழித்து, மலையும் பூவும் போட்ட அழகான அட்டை என் கந்தோருக்கே வந்தது. சைக்கிளை மிதித்துத் தன்னைக் கேட்டதை வாழ்நாளில் மறக்க மாட்டேன் என்று அந்த மனிதர் எழுதியிருந்தார். மேலே விலாசத்தில், என் பெயருக்கு முன்னால், "மிஸ்டர்".

அன்றைக்கே கடதாசி எடுத்தேன். அட்டைக்கு நன்றி, கேட்டது ஒரு பெண், திருத்திய அட்டை ஒன்று அனுப்பவும் என்று எழுதி ஒட்டித் தபால்காரரிடம் கொடுத்தேன். அட்டை வந்த கதை அவருக்கும் தெரியும்.

"அக்கா, இது போய் மறுமொழி வர இன்னும் அஞ்சு மாசம் எடுக்கும். ஒரு சொல்லுக்காகவோ?"

"எடுக்கட்டும்" என்றேன்.