அட்டைப்பெட்டிக்குள் அப்பா

எங்கள் வீட்டில் கரண்ட் போனால் யாரும் முதலில் மெழுகுவத்தி தேடுவதில்லை. எதிர் வீட்டைத்தான் பார்ப்போம். அங்கேயும் இருட்டு என்றால் மனசுக்கு ஒரு நிம்மதி. அங்கே மட்டும் விளக்கு எரிந்தால் அதைப் போல வயிற்றெரிச்சல் வேறு கிடையாது. உழவர்கரையில் எங்கள் தெருவே இப்படித்தான். அவர்களும் எங்கள் வீட்டைத்தான் பார்க்கிறார்கள்.

இதில் என் மாமனார் ஒரு சட்டம் வேறு போட்டிருக்கிறார். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு மழைக்காலத்தில் கரண்ட் வருவதும் போவதுமாக விளையாடியதில் எங்கள் ஃபிரிட்ஜ் புகைந்துபோனது. அன்றிலிருந்து கரண்ட் போன உடனே மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். எதிர் வீட்டு டியூப்லைட் துடிக்காமல் நின்று எரிகிறது என்று யாராவது பார்த்துச் சொன்னால்தான் மறுபடி ஏற்றுவார். பொழுது சாய்ந்தால் அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. அதனால் ஜன்னலில் நின்று பார்த்துச் சொல்லும் உத்தியோகம் என் ஐந்து வயது மகளுக்கு. அந்தப் பதவியில் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை.

என் வீட்டுக்காரர் தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தவர். மகள் நடக்கத் தொடங்கும் முன்பே குவைத்துக்குப் போய்விட்டார். அவளுக்கு அப்பா என்றால் போனுக்குள் இருக்கிற ஒரு முகம். அது ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் வரும், சிரிக்கும், என்ன குழம்பு என்று கேட்கும். சில சமயம் வாயைத் திறந்தபடியே அப்படியே நின்றுவிடும். அப்போது மகள், "அப்பா மாட்டிக்கிச்சு" என்று போனின் பக்கத்தில் இரண்டு தட்டு தட்டுவாள். முகம் மறுபடி பேசும். தான் தட்டியதால்தான் பேசுகிறது என்று அவள் நினைப்பு. நாங்களும் திருத்தவில்லை.

அந்த மனிதர் லீவில் வந்து முழுசாக வாசலில் நின்றபோது, மகள் என் புடவைக்குப் பின்னால் போனவள்தான். வாரக்கணக்காக வெளியே வரவில்லை. அவர் கொண்டுவந்த சாக்லேட்டை வாங்கிக்கொள்வாள், என் கை வழியாக. ஒரு சாயங்காலம் என் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் ஹாலில் உட்கார்ந்திருந்த அவருடைய போன் அடித்தது.

"அப்பா, சாப்ட்டியா?"

"சாப்ட்டேன் பாப்பா. நான் இங்க ஹால்லதான இருக்கேன். வெளிய வாயேன்."

"வர்ல. நீ போன்லயே பேசு."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, தண்ணீர்த் தொட்டி நிறைந்துவிட்டதா என்று பார்க்க மாடிக்குப் போனார். தொட்டி காலையிலேயே நிறைந்திருந்தது எனக்குத் தெரியும். லீவு முடிய ஒரு வாரம்கூட இல்லை. இந்தப் பிள்ளை ஒரு தடவை அவர் மடியில் ஏறாமலே அவரை அனுப்பிவிடுமோ என்று எனக்கு உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் அவர் இன்னும் உடைந்துபோவார்.

புயல் எச்சரிக்கை வந்த அன்று காலை தவளக்குப்பம் போய் ஒரு முழு வஞ்சிரத்தோடு வந்தார். பாப்பா என்றைக்கோ போனில் மீன் பிடிக்கும் என்று சொன்னாளாம். சொன்னவள் என் கையால் இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்துபோனாள். மிச்ச மீன் ஃபிரிட்ஜை அடைத்துக்கொண்டு கிடந்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு மழை பிடித்தது, காற்று அடித்தது, பட்டென்று கரண்ட் போனது. மாமனார் தடவிக்கொண்டே போய் மெயின் சுவிட்சை இறக்கினார். எதிர் வீடும் இருட்டு என்று மகள் அறிக்கை கொடுத்தாள். நான் ஜன்னல்களை அடைத்தேன். எனக்கு மீனைப் பற்றித்தான் கவலை.

டிவி இல்லை, ஃபேன் இல்லை, ஒரே ஒரு மெழுகுவத்தி. பிள்ளைக்குப் பொழுதுபோக வேண்டுமே. என் வீட்டுக்காரர் கை விரலை மடக்கிச் சுவரில் ஒரு முயல் காட்டினார். அது முயல் மாதிரியும் இல்லை, வேறு எது மாதிரியும் இல்லை. அடுத்து ஒட்டகக் கதை சொன்னார். ஒட்டகம் நடந்தது, நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. மாமனாருக்கே கொட்டாவி வந்தது. மகள் என் போனை எடுத்துக்கொண்டு வழக்கம்போல அறைக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"அம்மா, அப்பாவுக்குப் போவ மாட்டேங்குது."

"டவர் போயிருக்கும். அதான் அப்பா இங்கயே உக்காந்திருக்காரே, நேர்ல பேசு."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு டவர் இல்லாத போனைத் தட்டிக்கொண்டு சுவர் ஓரம் உட்கார்ந்தாள். உதடு பிதுங்க ஆரம்பித்தது.

அவருக்கு அப்போது எங்கிருந்துதான் யோசனை வந்ததோ. மூலையில் இருந்த பெரிய அட்டைப்பெட்டியை இழுத்தார். கம்பளியும் பால்பவுடரும் போட்டுக் குவைத்திலிருந்து கொண்டுவந்த பெட்டி அது. திரும்பும்போது கொண்டுபோக ஊறுகாய், முறுக்கு எல்லாம் அதில்தான் அடுக்கியிருந்தேன். எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் வைத்தார். என் காய்கறிக் கத்தியை எடுத்து முன்பக்கத்தில் சதுரமாக அறுத்தார்.

"அது நீங்க திரும்பிப் போவச்சொல்ல எடுத்துட்டுப்போவ வேணுங்க."

"பாத்துக்கலாம் வுடு."

பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தலையை உள்ளே விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். டார்ச்சை முகவாய்க்குக் கீழே பிடித்தார். சதுர ஓட்டைக்குள் அவர் முகம் தெரிந்தது.

"ஹலோ பாப்பா. கேக்குதா?"

மகள் எழுந்தாள். பெட்டிக்கு நேராக, போன் பார்க்கிற தூரத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"கேக்குது. சாப்ட்டியாப்பா?"

"சாப்ட்டேன். இங்க ஒரே மழை. அங்க எப்படி?"

"இங்கயும் மழைதான். கரண்ட் போயிடுச்சு. தாத்தா கொட்டாவி வுடுறாரு."

"எனக்கு ஒரு மு..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். வாய் திறந்தபடி, ஒரு கண் பாதி மூடியபடி, அசல் குவைத் முகம்.

"மாட்டிக்கிச்சு" என்று கத்தினாள் மகள். ஓடிப் போய்ப் பெட்டியில் இரண்டு தட்டு தட்டினாள். "...த்தம் குடு" என்றார் அவர். அவள் விழுந்து புரண்டு சிரித்தாள். மறுபடி மாட்டச் சொன்னாள். மறுபடி, மறுபடி. ஒரு தடவை தட்டியும் அவர் அசையவில்லை. அவள் யோசித்துவிட்டு, ஓட்டைக்குள் கையை விட்டு அவர் மூக்கைத் தொட்டாள். தொட்ட கையை எடுக்கவில்லை. எனக்கு மீன் மறந்துபோனது.

பிறகு மாமனார் பெட்டிக்குள் போய்ச் செய்தி வாசித்தார். புயல் எங்கள் கொல்லைப்பக்கமாகக் கரையைக் கடக்கும் என்றார். என்னைச் சமையல் நிகழ்ச்சி நடத்தச் சொன்னார்கள். நான் பிகு பண்ணிக்கொண்டு, வெந்நீர் வைப்பது எப்படி என்று விளக்கினேன். அடுத்த சுற்றில் என் வீட்டுக்காரர் மறுபடி பெட்டிக்குள் போனபோது மகளும் அடியில் நுழைந்துவிட்டாள். ஓட்டையில் இரண்டு முகம் தெரிந்தது. அவள் அவர் மடியில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும், வேறு இடமே இல்லை.

மழைச் சத்தம் குறைந்திருந்தது. மாமனார், "பாப்பா, எதிர் வூட்ல வந்துச்சா பாரு" என்றார்.

அவள் பெட்டியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்து ஜன்னல் கதவை ஒரு விரல் அகலம் திறந்தாள். நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். ஒரு வெள்ளைக் கோடு அவள் நெற்றியில் விழுந்து மூக்கு வழியாக இறங்கியது. டியூப்லைட் வெளிச்சம். துடிப்பே இல்லை. அவள் அதைப் பார்த்தாள். திரும்பிப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தி, எம்பி நின்று கொக்கியும் மாட்டினாள்.

"வர்ல தாத்தா."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன். அங்கயும் இருட்டா இருக்குது."

பொய் சொன்னால் வாயில் மிளகாய் வைப்பேன் என்று தினமும் மிரட்டுகிறவள் நான். மாமனார் என் பக்கம் திரும்பி, "நீ ஒரு தரம் பாரேம்மா" என்றார்.

"அதான் பாப்பா பாத்துச்சே மாமா. வர்லயாம்" என்றேன். வஞ்சிரம் போனால் போகிறது.

மகள் வந்து பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஓட்டைக்குள் அவர் முகம் ஜன்னல் பக்கமே பார்த்தபடி நின்றிருந்தது. அந்த வெள்ளைக் கோடு அவருக்கும் தெரிந்திருக்கிறது.

"மாட்டிக்கிச்சு" என்று பெட்டியைத் தட்டினாள். அவர் பேசவில்லை. இன்னும் இரண்டு தட்டு தட்டினாள். அப்புறம் கையை உள்ளே விட்டுக் கன்னத்தைத் தொட்டவள், விரலை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் பார்த்தாள்.

"பெட்டி ஒழுவுதாப்பா?"

"ஆமாம் பாப்பா" என்றார் அவர்.