வெறும் டப்பாவைத் திருப்பித் தரக் கூடாது

நான்கு சளி டப்பாவும் பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் வந்த அன்று, என் சர்வீஸில் முதல்முறையாக எந்த ஃபாரத்தை எடுப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில், தாமிரபரணிக் கரையோரம் ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் காசநோய்ப் பிரிவின் சுகாதாரப் பார்வையாளராக இருந்தேன்.

நோயாளி இசக்கி, அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவர். மருந்து தொடங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வீட்டில் மனைவி, மகன், மைத்துனர், மகள் செல்வி. செல்விக்கு அடுத்த மாதம் கல்யாணம். விதிப்படி, வீட்டாரில் இருமல் உள்ளவரிடம் மட்டும் சளி வாங்க வேண்டும். மேலதிகாரிக்கு எண்ணிக்கை வேண்டியிருந்ததால், எல்லோருக்கும் டப்பா கொடுக்கச் சொன்னார். விதி தெரிந்த நானும் கொடுத்தேன். பெயர் எழுதிய நான்கு டப்பாக்களை இசக்கியிடம் நீட்டி, விடிந்ததும் துப்பிக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

லேப் டெக்னீஷியன் முருகையா மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையெடுக்காமலே பேசினார். "என்னவே, வீட்டையே வாரிக்கிட்டு வந்திருக்கீரு? மூணு சிலைடுல கிருமி தேரோட்டக் கூட்டம் மாதிரி நிக்கி. மக சிலைடுல மட்டும் அங்கொண்ணு இங்கொண்ணு."

"சிலைடுல போட்ட சாயம் பழசோ?"

"சாயமும் புதுசு, என் கண்ணும் நல்லாத்தான் இருக்கு. உம்ம ஆளுகதான் சரியில்ல."

இசக்கியின் மைத்துனரை வரவழைத்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓட்டமாக வந்தவர் மூச்சு வாங்காமல் பேசினார். இவருக்கா மூன்று பிளஸ், கிருமி உச்ச அளவில்? பெயர் மாறியதா, சிலைடு மாறியதா என்று இரண்டு நாள் குழம்பினேன். நான்கு பேருக்கும் மருந்து எழுதலாமா வேண்டாமா என்று டாக்டரும் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். கடைசியில் இசக்கி வீட்டுக்கே போனேன்.

"யாருக்கும் சளி வரலை சார்வாள்," என்றார் இசக்கி. "காறிக் காறித் தொண்டைதான் புண்ணாச்சு. ஆஸ்பத்திரி டப்பாவை வெறும்னே எப்படித் திருப்பிக் குடுக்க? எனக்குத்தான் ஏகமா வருதே, நானே போட்டுட்டேன்."

"பக்கத்து வீட்டுக் கிண்ணத்தையே ரெண்டு சீனி போட்டுத்தான் குடுப்போம்," என்று மனைவி நியாயம் சொன்னார்.

சிரித்துவிட்டேன். பதிவேட்டில் நான்கு பெயரையும் அடிக்கப் பேனாவை எடுத்தபோது, அடுக்களை வாசலிலிருந்து செல்வி சொன்னாள்: "என் டப்பால நான்தான் துப்புனேன் சார்."

"வாயை மூடுட்டி. கல்யாணத்த வச்சுக்கிட்டு," என்றார் தாய்.

"ரெண்டு மாசமா இருமுதேன். தலையாணிய வாயில பொத்திக்கிட்டு இருமுன்னு நீதானம்மா சொன்ன."

எனக்கு, கிருமி அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த அந்த நான்காவது சிலைடு ஞாபகம் வந்தது.

"நாலையும் அடிச்சிருங்க சார்வாள்," என்று தாய் கெஞ்சினார். "தாலி ஏறட்டும். மாத்திரைய பொறவு திங்கட்டும்."

அடிப்பது சுலபம்தான்; காரணமும் கையில் இருந்தது. செல்வியைப் பார்த்தேன்.

"எழுதுங்க சார்," என்றாள்.

மூன்று பெயர்களை மட்டும் அடித்தேன். அவளுக்குப் புது டப்பா கொடுத்து, இந்த முறை கொல்லைப்புறத்தில் அவள் துப்பும்வரை நின்றேன். அதுவும் பாசிட்டிவ். கல்யாணம் தள்ளிப்போனது. மாப்பிள்ளை வீட்டாரிடம் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அதற்கு ஃபாரத்தில் கட்டமும் இல்லை.

இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் உள்ளது இவ்வளவுதான். டப்பாவைக் கொடுத்துவிட்டுப் பஸ் பிடிக்காதீர்கள். ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள். வெறும் டப்பாவும் ஒரு பதில்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சிகிச்சை முடியும் மாதத்தில் செல்வி கடைசி டப்பாவோடு வந்தாள். அடியில் கொஞ்சம் எச்சில் மட்டும் இருந்தது.

"எவ்வளவு காறியும் வேற வரலை சார். அப்பா போடவான்னு கேட்டாவ, வேண்டான்னுட்டேன்."

அதைவிட நல்ல சாம்பிளை என் சர்வீஸில் நான் வாங்கியதில்லை.